ஏழாவது கால்

என் அக்காவின் கணவர் வேலி போடுகிறவர். பாறையில் வேலி போடுகிறவர் என்றால்தான் சரியாக இருக்கும். எங்கள் ஊரில் மண் என்பது பாறைகளுக்கு நடுவே தப்பித்தவறிக் கிடக்கிற ஒன்று. மலையைச் செதுக்கி ஒரு வீடு, அதன் பின்கட்டுக்குக் கீழே இன்னொரு வீட்டின் கூரை, அதற்கும் கீழே படிக்கட்டு. தெரு என்று பேர் வைத்திருப்பதில் பாதி படிக்கட்டுதான். கொல்லையில் நின்று துணி உதறினால் கீழ்வீட்டு மொட்டைமாடி நனையும். அதனால் இங்கே யாரும் திருடனுக்குப் பயந்து வேலி போடுவதில்லை. விழுந்துவிடக்கூடாதே என்று போடுகிறார்கள்.

நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பதினாறு வருடமாக அவருக்குக் கலவை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் நான் பார்த்த நாலைந்து வேலைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. கடைசியில் அக்கா என்னை இவர் தலையில் கட்டிவிட்டாள். "உன் தம்பிக்கு உடம்புல வாய் மட்டும்தான் வேலை செய்யுது" என்று முதல் வாரமே அவளிடம் சொன்னாராம். ஆனாலும் துரத்தவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் எங்கள் பட்டறை. இரும்பு வெட்டும் வாசனை அக்காவின் சமையலறை வரைக்கும் போகும். வெட்டிய இரும்புச் சட்டங்களுக்கு அவள்தான் துருத் தடுக்கும் பெயின்ட் அடிப்பாள். அடித்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் திட்டுவாள்.

மாமாவின் தொழில் காதில் இருந்தது. இடத்தை அளந்து, ஒவ்வொரு காலுக்கும் சாக்பீஸால் குறி போட்டு, குறியின் மேல் கடப்பாரையால் மூன்று தட்டுத் தட்டுவார். கணீரென்றால் பாறை முழுசு. சத்தம் அமுங்கிக் கேட்டால் உள்ளே விரிசல், குறியை ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். எல்லாக் குறியும் முடிவான பிறகுதான் அந்த அளவுக்குக் கம்பிவலைச் சட்டங்களை வெட்டிப் பற்றவைப்போம். இரும்புக் கால் ஒவ்வொன்றும் பாறைக்குள் முழுசாக இரண்டடி இறங்க வேண்டும். "ரெண்டடி இறங்கினாத்தான் அது கால் மாப்ள. இல்லன்னா குச்சி" என்பார்.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குத் திரும்பப் போவார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "முதுக வச்சு நல்லா சாஞ்சு பாருங்க" என்பார். ஒவ்வொரு காலிலும் சாய வேண்டும். கூச்சப்படுகிறவர்களையும் விடமாட்டார். ஒரு முறை ஒரு பருமனான மனிதர் சாய்ந்து, காலைத் தூக்கிக்கூடப் பார்த்தார். கம்பி அசையவில்லை, அவர்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இதனால் மாமாவுக்கு ஊரில் 'சாஞ்சுபாரு' என்றே பேர். "சாஞ்சுபாருகிட்ட குடுத்திருக்கோம்" என்றால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பேர் அவருக்குப் பிடித்திருந்தது என்பதை அவர் வெளியே காட்டிக்கொண்டதில்லை. எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சர்வேயர் வீட்டு வேலைக்கு முன்னால்.

சர்வேயர் ஓய்வு பெற்றவர். மேல்வரிசையில், நூற்று நாற்பது படி ஏறிப் போனால் அவர் வீடு. அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். கொல்லை என்பது அங்கே வெறும் பாறைத் திட்டு. அதன் விளிம்பிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே பொதுப் படிக்கட்டு. வெளிநாட்டிலிருந்து மகள் தவழ்கிற குழந்தையோடு வரப்போகிறாள், அதற்குள் வேலி வேண்டும் என்றார்கள். எட்டுக் கால், ஏழு சட்டம்.

அளக்கிற அன்று சர்வேயர் பக்கத்திலேயே நின்றார். வாழ்நாள் முழுக்க அளந்தவர், சும்மா இருப்பாரா? மாமா போட்ட குறிகளைத் தன்னுடைய டேப்பால் சரிபார்த்துவிட்டு, "ஒரு நூல்கூடப் பிசகல" என்றார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடப்பாரையைத் தட்டிக்கொண்டே வந்தவர், ஏழாவது குறியின் மேல் அந்த அம்மாள் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தார். பன்னிரண்டு தொட்டி இருக்கும். நகர்த்த ஐந்து நிமிடம் ஆகும். "இங்கயும் அதே பாறைதான்" என்று சொல்லிவிட்டு எட்டாவதுக்குப் போய்விட்டார். நான் அதைப் பார்த்தேன். தொட்டிகளைத் தூக்க வேண்டியவன் நான்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஏழாவது காலுக்குத் துளை போட்ட அன்று பாறைக்குள் இருந்த விரிசலில் மெஷினின் துளைக்கிற பிட் மாட்டிக்கொண்டது. மாமா அதைத் திருப்பினார், இழுத்தார், தண்ணீர் விட்டார். உள்ளேயே முறிந்தது. முறிந்த துண்டுக்கு மேலே மிச்சமிருந்த பள்ளம் ஒன்பது அங்குலம். துளையைத் தள்ளிப் போடலாம் என்றால் இரண்டு பக்கச் சட்டங்களும் பொருந்தாது. இரண்டையும் வெட்டித் திரும்பச் செய்ய மூன்று நாள் ஆகும். மகள் மறுநாள் காலையில் வருகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஒரு நூல்கூடப் பிசகல" என்று சொன்ன மனிதரிடம் போய், தட்டிப் பார்க்காமல் குறி போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

மாமா எழுந்து அந்த இரும்புக் காலின் அடியை வெட்டினார். ஒன்றேகால் அடி நீளம் கீழே விழுந்தது. அதைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "எட்டுல ஒண்ணுதான மாப்ள. மத்த ஏழும் பிடிச்சுக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளத்தில் காலை நிறுத்தி, அதைச் சுற்றிப் பெரிதாக ஒரு கான்கிரீட் பீடம் கட்டச் சொன்னார். கட்டினேன். கரணையால் வழவழவென்று இழுத்துவிட்டேன். பூசி மெழுகுவது என்று பேச்சுக்குச் சொல்வார்களே, அதை நான் கையாலேயே செய்தேன். அது அழகாக வந்தது என்பதில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு வாரம் கழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனோம். சர்வேயர் ஒன்றிலிருந்து ஆறு வரை சாய்ந்து பார்த்தார். அந்த அம்மாளும் சாய்ந்தார்கள், சிரித்துக்கொண்டே. ஏழாவதுக்கு வருவதற்குள் மாமா போய் அதன் முன்னால் நின்றுகொண்டார். முதுகைக் காலுக்குக் கொடுத்தும் கொடுக்காமலும் நின்றபடி, எதிர் மலையில் கட்டுகிற தண்ணீர்த் தொட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். சர்வேயர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே எட்டாவதில் போய்ச் சாய்ந்தார். அம்மாள் ஏழாவதின் பீடத்தைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் எவ்வளவு பலமா போட்டிருக்கீங்க" என்றார்கள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் குனிந்து கயிற்றைச் சுருட்டினேன்.

அதோடு போயிருந்தால் ஒருவேளை மறந்திருப்போம். அந்த அம்மாள் விடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் மாமாவைப் பற்றிச் சொன்னார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர், தான் போட்ட வேலியில் நம்மையே சாய்ந்து பார்க்கச் சொல்கிறவர் என்றார்கள். அவர்கள் வாயாலேயே ஐந்து வருடத்தில் பதினோரு வீட்டு வேலை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும், "சர்வேயர் வீட்டம்மா சொன்னாங்க" என்று ஆரம்பிப்பார்கள். மாமா தலையை ஆட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அந்தப் பதினோரு வீட்டிலும் அவர் போட்ட கால்கள் இரண்டடி அல்ல, இரண்டேகால். என்னைத் தொட்டிகளோடு செங்கல், விறகு, ஒரு வீட்டில் கோழிக்கூண்டையே நகர்த்த வைத்தார். ஊர் அதைக் கண்டிப்பு என்றது. மேல்வரிசைக்கு வேலை வந்தால் சர்வேயர் வீட்டு வழியாகப் போகாமல், சிமென்ட் மூட்டையோடு கிழக்குப் படிக்கட்டில் சுற்றிப் போவோம். அறுபது படி அதிகம். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. மூட்டை என் தோளில்தான் இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. அந்த அம்மாள்தான். மாமாவின் போனில் எப்போதுமே பேசுகிறவர்களின் குரல் வெளியே கேட்கும்.

"அவருக்கு வாதம் வந்து ஆறு மாசமாச்சு. வலது பக்கம் முழுக்க வராம இருந்துச்சு. இப்ப நடக்குறார்ப்பா. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. உங்க வேலியப் பிடிச்சுக்கிட்டுத்தான் தினம் நடக்குறார். நான் பக்கத்துலகூட நிக்கறதில்ல. வேலி இருக்கேன்னு தைரியமா உள்ள வேலையப் பார்க்குறேன்."

மாமா, "சரிங்கம்மா, சந்தோஷம்மா" என்றார். போனை வைத்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அக்கா, "என்னாச்சு? நல்ல சேதிதான?" என்று கேட்டாள். அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனார். அக்காவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "ஒரு குழந்தை தவழ்ற வீட்டுலயாடா?" என்று மட்டும் கேட்டாள். என்னையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். இந்த முறை நேர்ப் படிக்கட்டு. மாமா வழியெல்லாம் உதட்டுக்குள் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். நூற்று நாற்பது படிக்கும் அதே வேலை. கதவைத் திறந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "கேட்டதும் ஓடி வந்துட்டீங்களே" என்றார்கள். ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று.

"சும்மா... வேலிய ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம்னு" என்றார் மாமா.

எனக்கு அவரை அங்கேயே உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அம்மாள் டீ போட உள்ளே போனார்கள். நாங்கள் கொல்லைக்குப் போனபோது சர்வேயர் நடக்க ஆரம்பித்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். இடது கையால் வேலியின் மேல்குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது காலை அரைவட்டமாக இழுத்து இழுத்து வைத்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். மூன்றாவது கால், நான்காவது கால். மாமா ஓட்டமும் நடையுமாகப் போய் ஏழாவதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். அன்றைக்கு மறைக்க நின்றார், இன்றைக்குத் தாங்க நின்றார். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவர் பிடித்த பிடியில் கால் லேசாக ஆடியது. பீடத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நான் இழுத்துவிட்ட வழவழப்பு அப்படியே இருந்தது.

சர்வேயர் ஆறாவதைத் தாண்டினார். ஏழாவதுக்கு இரண்டடி இருக்கும்போது நின்றார். குழாயிலிருந்து கையை எடுத்தார். வேலியை விட்டு ஓரடி உள்ளே தள்ளி, கையை வெறுமனே முன்னால் நீட்டியபடி, எதையும் பிடிக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எட்டு வைத்தார். மாமாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் குழாயைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. அது புதிதாகச் செய்கிற காரியமாகத் தெரியவில்லை.

மாமாவின் கை காலிலிருந்து நழுவியது.

"ஐயா, உங்களுக்குத் தெரியுமா?"

சர்வேயருக்குப் பேச்சு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துத்தான் கொடுத்தார்.

"மொத மாசமே... சாஞ்சு பார்த்தேன்."

"சொல்லவே இல்லையே ஐயா."

"அவளுக்கு... உங்களப் பத்திப் பேசுறதுன்னா... இஷ்டம்." குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்களே வருவீங்கன்னு... பார்த்தேன்."

மாமா கூனிக் குறுகி நின்றார். எனக்குப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். ஐந்து வருடமாக அந்த மனிதர் இந்தத் திட்டில் நின்று, எங்கள் தலை படிக்கட்டில் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார். நாங்கள் மூட்டையோடு கிழக்குப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவு?" என்று கேட்டார் சர்வேயர். அளந்தே பழகியவர், அதைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்.

"ஒம்பது அங்குலம்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "நான்... ஒரு அடின்னு... நெனச்சேன்."

டீத் தட்டோடு அம்மாள் பின்னால் நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மாமா அவர்கள் பக்கம் திரும்பி, இந்த முறை மென்று விழுங்காமல் சொன்னார். தொட்டியை நகர்த்தச் சோம்பேறித்தனப்பட்டது, பிட் முறிந்தது, காலை வெட்டியது, சாய்ந்து பார்க்க விடாமல் மறைத்து நின்றது, எல்லாம். "கலவை நான்தாங்க போட்டேன்" என்று நானும் சொன்னேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அம்மாள் தட்டைக் கீழே வைத்தார்கள்.

"என் பேத்தி இந்தக் கம்பியப் பிடிச்சுத்தான் மொத மொத எழுந்து நின்னா" என்றார்கள். அப்புறம், "பதினோரு வீட்டுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார்கள்.

"அங்கெல்லாம் ரெண்டடிக்கு மேலம்மா. சத்தியமா."

"அத நான் எப்படி நம்புறது?"

அவர்கள் குரல் உயரவே இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்கள். மாமாவிடம் இருந்த ஒரே பதில் அவருடைய பேச்சுதான், அதைத்தான் இப்போது கொண்டுவந்து உடைத்துப் போட்டிருந்தார்.

"அந்தப் பதினோரு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னத நம்பி வேலி வச்சவங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் உள்ளே போனார்கள்.

போனோம். இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று மாமா அதே கதையைச் சொல்லி, "எந்தக் கால்னு காட்டுங்க, கலவைய உடைச்சு ஆழத்தக் காட்டுறேன்" என்றார். ஒருவர் சிரித்தார். ஒருவர், இதைச் சொல்லவா வந்தீர்கள் என்று கதவைச் சாத்தினார். நான்கு வீட்டில் உடைக்கச் சொன்னார்கள். உடைத்து, ஓரத்தைக் குடைந்து, அளவுகோலை விட்டுக் காட்டினோம். இரண்டேகால், இரண்டேகால், இரண்டேகால், இரண்டரை. ஒரு வீட்டு மனிதர், "அப்புறம் ஏன்யா அங்க அப்படிப் பண்ணின?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டார். மாமா கடப்பாரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தொட்டிகளை நகர்த்துவது ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடத்தை வைத்து என்னவென்று பதில் சொல்வது?

பிறகு சர்வேயர் வீட்டுப் பீடத்தை உடைத்தேன். உடைப்பதற்கு அது கஷ்டமே தரவில்லை. மாமா ஒரு சாண் தள்ளி மூன்று தட்டுத் தட்டினார், கணீரென்றது. இரண்டு சட்டங்களையும் புதிதாகச் செய்துவந்தோம். துளை போட்டு முடித்ததும் கலவை ஊற்றுவதற்கு முன்னால் அம்மாளைக் கூப்பிட்டு, அளவுகோலை அவர்கள் கையிலேயே கொடுத்தார். அவர்கள் குனிந்து துளைக்குள் விட்டுப் பார்த்தார்கள். இரண்டேகால் அடி. அளவுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் மாமா அப்படித்தான் செய்கிறார். ஊற்றுவதற்கு முன்னால் காட்டிவிடுகிறார்.

ஒரு வாரம் கழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனோம். அம்மாள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். டீ வரவில்லை. வரும் என்று நாங்களும் நினைக்கவில்லை. சர்வேயர் நடந்துகொண்டிருந்தார், முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக. மாமா ஏழாவது காலிடம் போய் முதுகை வைத்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்து காட்டினார். துளிகூட அசையவில்லை. நகர்ந்து வழிவிட்டார். "சாஞ்சு பாருங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

சர்வேயர் ஆறாவதைத் தாண்டி வந்தார். ஏழாவதுக்கு இரண்டடி இருக்கும்போது கையை எடுத்தார். நான்கு எட்டு வெறுமனே வைத்து, அந்தப் பக்கம் போய்க் குழாயைப் பிடித்தார்.

"ஐயா, இப்ப பிடிக்கலாம் ஐயா. ரெண்டேகால் அடி" என்றார் மாமா.

"தெரியும்" என்றார் சர்வேயர். நின்று, மூச்சு வாங்கி, தன் இடது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்... கைதான்... கேக்க மாட்டேங்குது."

எட்டாவது வரை போய், வேலியைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்து திரும்பினார். வரும்போதும் அதே இடத்தில் கையை எடுத்தார்.